பாதிப் புகார்

தன் புருஷனை எல்லையில் மாட்டிவிட்டது யார் என்று ரொட்டியக்காவுக்குத் தெரியும். வேன் ஏஜெண்ட். அதில் அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. துப்பறிவாளரை அவள் வரச்சொன்னது கண்டுபிடிக்க அல்ல, நிரூபிக்க.

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது," என்றாள் பட்டாசு. "ஃபீஸையும் பாதியாக்கிடலாமா சித்தப்பா?"

துப்பறிவாளர் காது கேளாதவர்போல் கடைக்குள் நுழைந்தார். அண்ணன் மகளை உதவிக்கு வைத்துக்கொண்ட நாளிலிருந்து, அவள் கேட்பதில் பாதிக்குப் பதில் சொல்லாமலிருக்கப் பழகியிருந்தார். பட்டாசு என்ற பெயரை வைத்ததும் அவர்தான். கார் ஓட்டுவாள், கதவைத் தட்டுவாள், கூச்சப்படாமல் எதையும் கேட்பாள். முப்பது வயது தாண்டியும் வாய் மட்டும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை.

துப்பறிவாளர் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் தீப்பிடித்த கடைகளைப் பார்வையிட்டவர். அந்தப் பழக்கத்தில் ரொட்டிக் கடையையும் சுற்றிச் சுற்றி வந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அடுப்பு ஒரு வாரமாகப் பற்றவைக்கப்படாமல் ஜில்லென்று கிடந்தது. தட்டுகள் காலி. மூலையில் மாவு பிசையும் பெரிய தொட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"இதைக் கழுவினது யாரு?"

"அவர்தான். போறதுக்கு முதல் நாள் ராத்திரி."

"சரி. நடந்ததை முதல்லேர்ந்து சொல்லுங்க."

ரொட்டியக்கா சொன்னாள். இந்த ஊரில் அவர்கள் இருவரும் அந்நியர்கள். ஒன்பது வருஷமாக இருந்தாலும் அந்நியர்கள்தான். பாஸ்போர்ட்டில் விழுகிற முத்திரை மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். அது முடிவதற்குள் ஆற்றுப் பாலத்தைக் கடந்து அடுத்த நாட்டுக்குள் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினால், புது முத்திரை. அதற்கென்றே வாரம் ஒரு வேன் போகிறது. காலையில் ஏறி, அந்தப் பக்கம் ஒரு டீ குடித்து, சாயங்காலம் வீடு திரும்பலாம். கடையை மூட முடியாது என்பதால் புருஷனும் பெண்சாதியும் ஒரே வேனில் போகாமல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை தனித்தனி வாரங்களில் போய் வந்தார்கள். தொழிலுக்கான நீண்டகால விசா ஒன்று உண்டு. அதன் கட்டணத்தில் ஒரு புது அடுப்பு வாங்கிவிடலாம். வருஷா வருஷம் சேர்த்தார்கள், வருஷா வருஷம் கட்டணமும் ஏறியது. இந்த வருஷம்தான் கைக்கு எட்டியது. அடுத்த மாதம் மனுப்போடுவதாக இருந்தார்கள்.

"போன செவ்வாய்க்கிழமை இவர் போனார். திரும்பி வரும்போது கவுண்டர்ல தனியாக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்காங்க. அனுமதியில்லாமக் கடை நடத்துறார்னு புகார் வந்திருக்காம். அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. அஞ்சு வருஷத்துக்கு உள்ளே வரக்கூடாதாம்."

"இப்ப எங்க இருக்கார்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு லாட்ஜ்ல. தினமும் போன் பண்றார். எவனோ நல்லா வேலை காட்டிட்டான்னு அழறார்." அவள் தன் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். "என் முத்திரையும் இந்த மாசத்தோட முடியுது. நான் வெளியே போனா, அதே கடைக்காரின்னு என்னையும் திருப்பி விட மாட்டாங்களா? போகாம இருந்தா அது குத்தம். ரெண்டு பக்கமும் இடிக்குது."

"ஏஜெண்ட் மேல ஏன் சந்தேகம்?"

"நீண்டகால விசா வாங்கிட்டா நாங்க எதுக்கு அவன் வேன்ல ஏறப்போறோம்? விஷயம் தெரிஞ்சதிலேர்ந்தே மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தான்."

"மூஞ்சியைத் தூக்கி வச்சதுக்கெல்லாம் உள்ளே தள்ளினா, எங்க குடும்பத்துல வெளியே யாரும் மிஞ்ச மாட்டாங்க," என்றாள் பட்டாசு கார் சாவியை எடுத்துக்கொண்டே.

வேன் ஏஜெண்டின் ஆபீஸ் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு காலண்டர். மூன்று பேர் உள்ளே வந்ததும் ஏஜெண்ட் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று, மரியாதைக்காக அல்ல, இடத்துக்காக. ரொட்டியக்காவைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது.

"வாங்க. என்னைத் திட்டணும்னா வரிசையில நில்லுங்க. காலையிலேர்ந்து எல்லாரும் திட்டிட்டுத்தான் போறாங்க."

"ஏன்?" என்றார் துப்பறிவாளர்.

"ஏனா? அந்தப் பக்கம் ஜன்னல் வழியாப் பாருங்க சார்."

பின்பக்கத்துச் சந்தில் வேன் நின்றது. கண்ணாடியில் புழுதி படிந்து, யாரோ விரலால் ஒரு பொம்மை வரைந்திருந்தார்கள்.

"ஒரு பயணியைத் திருப்பி அனுப்பினா வேனை நிறுத்தி விசாரிப்பாங்க. அதுதான் அங்க சட்டம். ஒரு வாரமா சக்கரம் உருளலை. பதினாலு சீட்டும் பறிபோச்சு. இவங்க ரெண்டு பேரும் நின்னுட்டா எனக்கு நஷ்டம் ரெண்டு சீட்டு. வாஸ்தவம்தான், வருத்தமாத்தான் இருந்துச்சு. அதுக்காக ரெண்டு சீட்டுக்குப் பதினாலு சீட்டைக் கொளுத்திக்குவேனா? மூக்கில ஈ உக்காந்ததுக்கு மூக்கையே அறுத்துக்கறவனா நான்?"

பட்டாசு அவன் மூக்கை உற்றுப் பார்த்தாள். "முழுசாத்தான் இருக்கு சித்தப்பா."

ரொட்டியக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரமாக ராத்திரியெல்லாம் மனசுக்குள் பிடித்து நெரித்துக்கொண்டிருந்த ஏஜெண்டின் கழுத்து, கையிலிருந்து நழுவிப் போய்விட்டது. கை மட்டும் மடங்கியபடியே இருந்தது.

"மாஸ்டர் அன்னிக்கு எப்படி இருந்தார்?" என்று கேட்டார் துப்பறிவாளர். கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் புருஷன் மாஸ்டர்தான்.

"எப்பவும் போலத்தான். பேசாம வந்தார். ஒண்ணே ஒண்ணு, முதல்ல ரெண்டு சீட்டு சொல்லியிருந்தார். அக்காவும் வருவாங்க, பிடிச்சு வைன்னார். ஒரு வாரம் வேற யாருக்கும் கொடுக்காம வச்சிருந்தேன். கடைசி நேரத்துல ஒண்ணு வேண்டாம்னுட்டார்."

"ஆமா, என்னையும் கூப்பிட்டார்," என்றாள் ரொட்டியக்கா. "ஒரு நாள் கடையை மூடிட்டு ரெண்டு பேருமாப் போய்ட்டு வரலாம்னு. ஸ்கூல் ஆர்டர் இருந்துச்சு, நான்தான் முடியாதுன்னுட்டேன். நானும் போயிருந்தா..." அவள் நிறுத்திக்கொண்டாள். நானும் போயிருந்தால் அந்த மனுஷன் தனியாகத் தவித்திருக்க மாட்டார் என்று நினைத்தாள்.

துப்பறிவாளர் அவளைப் பார்த்தார், பிறகு புழுதி படிந்த வேனைப் பார்த்தார்.

"பட்டாசு, வண்டியை எடு. பாலத்துக்குப் போவோம்."

எல்லைச் சாவடியில் மேற்பார்வை அதிகாரி ஒருவர் துப்பறிவாளருக்குப் பழக்கம். என்றோ ஒரு கிடங்கு எரிந்த வழக்கில் இருவரும் சேர்ந்து அலைந்தவர்கள். அவர் அறையில் மின்விசிறி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுற்றியது. கண்ணாடிக்கு வெளியே வரிசை நின்றது. முதுகில் பை மாட்டிய இளைஞர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த பெண், தொப்பியைக் கையில் சுருட்டி வைத்திருந்த கிழவர். எல்லோர் கையிலும் பாஸ்போர்ட், எல்லோர் முகத்திலும் தப்பேதும் செய்யாதவர் என்ற பாவனை. அந்த முகத்தை ரொட்டியக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவளும் அதைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"யார் சொன்னதுன்னு கேட்காதே," என்றார் அதிகாரி. "எனக்கே தெரியாது. போன்ல வந்த தகவல். பேர் சொல்லலை."

"யாருன்னு வேண்டாம். என்ன சொன்னான்னு சொல்லு."

அதிகாரி ரொட்டியக்காவை ஒரு தடவை பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்து மனம் இளகியிருக்க வேண்டும்.

"ஆம்பளைக் குரல். இன்ன பேர், ரொட்டிக் கடை நடத்துறார், தொழில் அனுமதி கிடையாது, செவ்வாய்க்கிழமை வேன்ல திரும்பி வருவார்னு சொன்னான். சம்சாரமும் கூட இருக்காங்களான்னு நான் கேட்டேன். அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னுட்டான்."

"கடையில மாவு உருட்டறது, கல்லாவுல உக்கார்றது, எல்லாம் நான்தானே," என்றாள் ரொட்டியக்கா ஆச்சரியத்துடன். "தெருவுக்கே தெரியும்."

"எங்க புத்தகத்துல உங்க மேல புகார் இல்லைம்மா. முத்திரை முடியறதுக்குள்ள உள்ளேயிருந்தே நீண்டகால விசாவுக்கு மனுப்போட்டா தாராளமா வாங்கிப்பாங்க. வெளியே மட்டும் போயிடாதீங்க."

துப்பறிவாளர் மெதுவாகச் சொன்னார். "எனக்கு இது புரியலை. கடைக்குத் தீ வைக்கிறவன் பாதிக் கடைக்கு மட்டும் வைக்க மாட்டான். நான் பார்த்த வரைக்கும், பாதியை விட்டு வச்சான்னா அந்தப் பாதி அவனுக்கு வேணும்னு அர்த்தம்."

"இன்னொரு வேடிக்கை கேளு," என்றார் அதிகாரி. "இத்தனை வருஷமாப் புகார் வாங்கறேன். பிடிச்சு உள்ளே போடுங்க, உதைங்கன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. இவன் பேரைச் சொல்றதுக்கு முன்னாடியே கேக்கறான், பிடிச்சா ஜெயிலா, இல்லை சும்மா திருப்பி அனுப்பறதோட சரியான்னு. திருப்பி அனுப்பறதுதான்னேன். நிச்சயமான்னு மறுபடி கேட்டான். நிச்சயம்னு சொன்ன பிறகுதான் பேரையே சொன்னான்."

பட்டாசு சிரித்துவிட்டாள். "ராத்திரி சாப்பாடு போடுவீங்களா, படுக்க மெத்தை உண்டான்னு கேட்கலையா? மாட்டிவிடற ஆள் மேல இவ்வளவு பாசமா? இந்த அக்கறை, தனக்குத்தானே..."

சிரிப்பு முகத்தில் அப்படியே காய்ந்தது. அவள் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நமத்துப்போன பட்டாசாக அவள் சுவரோரம் ஒதுங்கினாள்.

மின்விசிறி இழுத்து இழுத்துச் சுற்றியது.

"அக்கா," என்றார் துப்பறிவாளர். "வேன்ல போற அன்னிக்குக் காலையில மாஸ்டர் வழக்கமா என்ன செய்வார்?"

ரொட்டியக்கா சொல்ல ஆரம்பித்தாள். விடிவதற்கு முன்னால் எழுந்து மறுநாளுக்கான மாவைப் பிசைந்து, துணி போட்டு மூடிவிட்டுத்தான் வேன் ஏறுவார். சாயங்காலம் திரும்பி வரும்போது மாவு பொங்கியிருக்கும். கை கால் கூடக் கழுவாமல் முதலில் துணியைத் தூக்கித்தான் பார்ப்பார். இந்தத் தடவை...

இந்தத் தடவை முதல் நாள் ராத்திரியே, ஸ்கூல் பன்னுக்கான மாவை எடுத்துத் தட்டுகளில் உருட்டி வைத்துவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றார். உடம்பு அசதி போல என்று அவள் விட்டுவிட்டாள்.

ரொட்டி சுடத் தான் திரும்பி வரப்போவதில்லை என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"வேண்டாம்," என்றாள் அவள். துப்பறிவாளர் வாயைத் திறக்கவேயில்லை, இருந்தாலும் சொன்னாள். "நீங்க சொல்லாதீங்க. நான் அவர்கிட்டயே கேட்டுக்கறேன்."

பாலத்தின் இந்தக் கோடியில் ஒரு கம்பி வலைத் தடுப்பு இருந்தது. வெளியேறிவிட்டவர்களும் உள்ளே இருப்பவர்களும் நின்று பேச அங்கே அனுமதி உண்டு. சாமான் மாற்றக் கூடாது, பேசலாம். அவள் போன் செய்து, பாலத்தில் நிற்கிறேன், வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். துப்பறிவாளரும் பட்டாசும் காருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள்.

மாஸ்டர் கிட்டத்தட்ட ஓடிவந்தார். ஒரு வாரத்தில் முகம் தெளிந்திருந்தது. நன்றாகத் தூங்கியவரின் முகம். மாஸ்டர் அவள் கையைப் பார்த்தார், காலடியைப் பார்த்தார், பின்னால் பார்த்தார்.

"பெட்டி எங்கே?"

அவர் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

"பிடிச்சா ஜெயிலான்னு கேட்டீங்களாமே," என்றாள்.

மாஸ்டரின் முகம் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் ஆயிற்று. கத்தவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை. வலையைப் பிடித்துக்கொண்டார்.

"யார் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. வேற யாரு சொல்லணும்?"

"இங்க பாரு. என்னால முடியலை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்தச் சின்னப்பையன் கவுண்டர்ல உக்காந்து என் பாஸ்போர்ட்டைப் புரட்டறான். அவன் புரட்டும்போது என் வயித்தைப் புரட்டுது. எதுக்கு வந்தே, எப்பப் போவேன்னு கேக்கறான். இந்த வயசுல நான் யாருக்கு என்ன பதில் சொல்றது? நம்ம சொந்த ஊருக்கே போயிடலாம்னு இருந்துச்சு."

"அதுக்குத்தானே நீண்டகால விசா? அடுத்த மாசம் கவுண்டரே கிடையாதே."

"அதான் பயம். அவ்வளவு காசையும் கட்டிட்டா அப்புறம் போக முடியுமா? இங்கேயே கட்டை வேகும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா. சொல்லியிருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "சொல்றதுக்கு எனக்கு ஒரு வாய்ப்பாவது கொடுத்திருக்கணும் இல்லையா? புருஷன் பெண்டாட்டி பேச வேண்டியதை அரசாங்கத்தை விட்டுப் பேச வச்சிருக்கீங்க."

"உன் பேர்ல ஒரு கறுப்புப் புள்ளிகூட விழக்கூடாதுன்னுதான் பார்த்துப் பார்த்துப் பண்ணினேன். நீ மரியாதையா உன் காலாலயே நடந்து வரணும்னு. சத்தியமா உனக்காகத்தான்."

அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. அவர் பொய் சொல்லவில்லை. அவளுக்கு வலிக்காமல் இருக்க எங்கே பிடிக்க வேண்டும், எங்கே அறுக்க வேண்டும் என்று யோசித்து யோசித்துத்தான் அறுத்திருக்கிறார். ஒரு வாரமாக அவள் அழுததைப் போனில் கேட்டிருக்கிறார். கூடவே அழுதிருக்கிறார். எவனோ வேலை காட்டிட்டான் என்று அவளோடு சேர்ந்து அந்த எவனையோ சபித்திருக்கிறார்.

"இந்த ஊருக்கு வர மாட்டேன்னு நான் ஒத்தைக் கால்ல நின்னேன். ஞாபகம் இருக்கா?" என்றாள். "வாரக்கணக்கா அழுதேன். அப்ப என்ன சொன்னீங்க? பழகிடும்னீங்க."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பழகிடுச்சுங்க," என்றாள்.

காற்று ஆற்றிலிருந்து அடித்தது. மாஸ்டர் வலைக்குள் விரலை நுழைத்தார். அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். அடுப்புச் சூட்டில் தோல் தடித்த விரல்கள். தொடலாம் என்று கை எழுந்தது. அப்படியே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டது.

"நான் என்ன பண்ணட்டும் இப்போ?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஊருக்குப் போகணும்னீங்களே. போங்க. உங்க துணிமணியை லாட்ஜுக்கு அனுப்பி வைக்கறேன்."

"நீ?"

அவள் திரும்பி நடந்தாள். பின்னால் அவர் கூப்பிட்டார். அவளை அவர் மட்டும் கூப்பிடுகிற செல்லப் பெயர் அது. இத்தனை வருஷத்தில் அது இவ்வளவு சத்தமாக இன்றுதான் கேட்டது. தடுப்பருகே நின்ற காவலர் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவளைத் தவிர.

பாலம் கார்க் கண்ணாடியில் சின்னதாகி மறைந்த பிறகு பட்டாசுதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? ஜோக் இல்லை."

"சொல்லு."

"எனக்கு ஜோக் எதுவுமே வரலை."

ரொட்டியக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று பட்டாசுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று முன்சீட்டில் இருந்த துப்பறிவாளருக்குத் தோன்றியது. ஊர் நெருங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்துதும்மா," என்றார். "கடையில தொட்டியைப் பார்த்தப்பவே எனக்கு லேசா ஒரு சந்தேகம் தட்டிச்சு. அப்பவே சொல்லியிருக்கலாம். நிச்சயமில்லாம ஒரு குடும்பத்துல கைவைக்க மனசு வரலை."

"நல்லவேளை சொல்லலை. உங்களை அடிச்சுத் துரத்தியிருப்பேன்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஏஜெண்ட்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கணும். நாளைக்குக் கேட்டுக்கறேன்."

"இப்ப வீட்டுக்கா அக்கா?" என்றாள் பட்டாசு.

"இல்லை. விசா ஆபீஸ். மூடறதுக்குள்ள போயிடுவியா?"

பட்டாசு ஆக்சிலேட்டரை மிதித்தாள். துப்பறிவாளர் கண்ணை மூடிக்கொண்டு மேல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

ஆபீஸில் ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருந்தது. உள்ளே இருந்த பெண் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள். ரொட்டியக்காவின் முகத்தைப் பார்த்துப் பையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். அவள் அங்கேயே நிரப்பிக் கொடுத்த மனுவை வாங்கிப் புரட்டினாள்.

"தொழிலுக்கான நீண்டகால விசாவா? கணவர் இருக்காரா?"

"இருக்கார்."

"அப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுடுங்களேன். தனித்தனியாப் போடறதைவிடக் கட்டணம் ரொம்பக் குறையும். ஒருத்தர் மட்டும்னாலும் கிட்டத்தட்ட அதே கட்டணம்தான் வரும்மா. வீணா எதுக்கு?"

"தெரியும்," என்றாள் ரொட்டியக்கா. கண்ணாடிக்கு அடியில் தன் பாஸ்போர்ட்டைத் தள்ளினாள். "ஒருத்தருக்கு மட்டும் போடுங்க."